பச்சைப் புள்ளி வைக்காத புத்தகம்

முகாம்,
9 ஜூன் 2024

அன்புத் தங்கச்சி உமாராணிக்கு,

அண்ணன் முத்துச்செல்வம் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் காலையில் மடங்க மாட்டேன் என்கிறது. ஜூன் மாதத்திலும் இங்கே மீசையில் பனி ஒட்டுகிறது. போன் எடுக்கிற இடத்துக்கு இறங்க நாலு மணி நேரம் ஆகும், அதனால் மறுபடியும் கடிதம்தான். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

விஷயம் மூன்று. ஒன்று, வருகிற ஜனவரி 31ஆம் தேதியோடு என் ராணுவ சர்வீஸ் முடிகிறது. இருபத்து நாலு வருஷம். இரண்டு, ஊருக்கு வந்ததும் குரூப் 4 பரீட்சை எழுதலாம் என்று இருக்கிறேன். உன் கடையில் பொதுத்தமிழ் கையேடு இருக்குமே, ஒன்று அனுப்பு. பள்ளிக்கூடத்தில் படித்த இலக்கணம் எல்லாம் மறந்தே போய்விட்டது. மூன்று, நம் வீட்டு முன் ஹாலில் நீ நடத்தும் புத்தகக் கடையைப் பெரிதாக்கப் போகிறேன். ராணுவத்துக்கும் போலீசுக்கும் சேர நினைக்கிற பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம். அலமாரிகளைச் சுவரோடு தள்ளினால் முப்பது நாற்காலி போடலாம். தெரிந்த டி.எஸ்.பி. ஒருவர் இருக்கிறார், திறந்து வைக்கக் கூப்பிடலாம். பேனருக்கு யூனிபார்மில் ஒரு போட்டோகூட எடுத்து வைத்துவிட்டேன்.

உன் யோசனையை எழுது.

அண்ணன்,
முத்துச்செல்வம்


தென்காசி,
27 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உமாராணி வணக்கம். நான் சுகம். மாடி அறையில் வாடகைக்கு இருக்கிற நர்ஸ் எப்சிபாவும் சுகம், உங்கள் முழங்காலுக்கு ஒரு களிம்பு கொடுத்திருக்கிறாள். பத்து நாளாகச் சாரல். குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறது, ஊர் முழுக்க ஈரத் துண்டோடு வெளியூர்க்காரர்கள். கடையில் புத்தகமெல்லாம் அப்பளம் மாதிரி நமுத்துப் போவதால் ஃபேனை நிறுத்துவதே இல்லை.

நீங்கள் கேட்ட பொதுத்தமிழ் இந்தப் பார்சலில் இருக்கிறது. பழுப்புத் தாளில் அட்டை போட்டு லேபிள் ஒட்டி, முதல் வகுப்புப் பிள்ளைக்கு அனுப்புவது போல அனுப்பியிருக்கிறேன். படித்துத் தேறுங்கள்.

பயிற்சி மையம் பற்றி நேரில் பேசலாம். ஹால் நீங்கள் நினைக்கிற அளவு பெரிதில்லை. அவசரப்பட்டு டி.எஸ்.பி.யிடம் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

பண்பொழியில் ஒரு பெண் இருக்கிறது. முப்பத்தெட்டு வயது, டீச்சர், நல்ல குடும்பம். ஜாதக நகலையும் உள்ளே வைத்திருக்கிறேன். இதுவரை பதின்மூன்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். பதினாலாவதையும் வேண்டாம் என்றால் நான் மலையேறிச் சாமியாராகிவிடுவேன்.

அன்புத் தங்கை,
உமாராணி


தென்காசி,
2 ஜூலை 2024

அண்ணனுக்கு,

நலம். அவசரமாக எழுதுகிறேன். நான் அனுப்பிய பார்சலைப் பிரிக்க வேண்டாம். பழைய பாடத்திட்டம் தவறி வந்துவிட்டது. பிரித்திருந்தால் படிக்க வேண்டாம். படிக்க ஆரம்பித்திருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் கேட்டாலும் கொடுத்துவிடாதீர்கள். சரியான புத்தகம் இதோடு வருகிறது.

உமாராணி


முகாம்,
24 ஜூலை 2024

உமாராணிக்கு,

நலம். பார்சல் கிடைத்தது. பிரிக்க வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம் அதற்கு மூன்று நாள் கழித்துக் கிடைத்தது. களிம்பு நன்றாக இருக்கிறது.

வேறு ஒன்றும் எழுத இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

முத்துச்செல்வம்


தென்காசி,
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் சுகத்தைக் கேட்கக்கூட எனக்கு இப்போது பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறீர்கள்?

இனிமேல் மூடி மறைத்து எழுத என்னால் முடியாது. உங்களுக்கு வந்தது பொதுத்தமிழ் இல்லை என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கும். ரைஸ்மில்லில் வேலை பார்க்கிற இரண்டு ஆண்கள் ஒருவரை ஒருவர் விரும்பி, ஒரே வீட்டில் இருந்து வயதாகிற கதை அது. அட்டையின் மேல் பொதுத்தமிழ் என்று எழுதியது நாங்கள்தான்.

கடைக்கு முன்பக்கம் நீங்கள் லீவில் வந்தபோது பார்த்த கையேடுகள். திரைக்குப் பின்னால் நாலு அலமாரி இருக்கிறது. ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள், தங்களுக்கு இன்னும் பெயர் தேடிக்கொண்டிருப்பவர்கள், இவர்கள் எழுதிய புத்தகங்களும் இவர்களைப் பற்றிய புத்தகங்களும் அதில் இருக்கின்றன. எல்லோரையும் சேர்த்துப் பால்புதுமையினர் என்று சொல்லுகிறோம். எங்கள் வீட்டில் இருந்த பன்னிரண்டு புத்தகத்தோடு ஆரம்பித்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை நாலு மணியானால் பதினோரு பேர் வந்து உட்காருகிறார்கள். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் அட்டை போடுவார்கள், லேபிள் ஒட்டுவார்கள், சீசனில் யாராவது குற்றாலத்திலிருந்து ரம்புட்டான் கொண்டு வருவார்கள். தென்காசியில் தங்கள் சொந்தக் குரலில் அவர்கள் சிரிக்கிற ஒரே இடம் நம் வீட்டு ஹால்தான் அண்ணே.

வீட்டில் அப்பா அம்மாவோடு இருக்கிறவர்கள் இந்தப் புத்தகங்களை எப்படிக் கொண்டுபோவார்கள்? அதற்குத்தான் அட்டையும் குரூப் 4 லேபிளும். வீட்டில் பிள்ளை விழுந்து விழுந்து படிக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். உள்ளே வேறு புத்தகம் என்பதற்கு அடையாளமாக லேபிளின் மூலையில் பச்சை மையில் ஒரு புள்ளி வைப்போம். அன்றைக்குப் பச்சைப் பேனா தீர்ந்திருந்தது. புள்ளியை அப்புறம் வைக்கலாம் என்று மேசையில் வைத்த நாவலைத்தான் மறுநாள் உங்களுக்குக் கட்டியிருக்கிறேன். நாவல் வாங்க வந்த செங்கோட்டைக் கல்லூரிப் பெண் ஹம்னா நாலாம் நாள் திரும்பி வந்து, "அக்கா, இதுல எல்லாம் புணர்ச்சி விதியாத்தான் இருக்கு" என்று நிஜமான பொதுத்தமிழை நீட்டினாள். அப்போதுதான் இரண்டும் மாறிப்போனது எனக்குத் தெரிந்தது.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். எப்சிபா வாடகைக்கு இல்லை. ஆறு வருஷமாக அவளும் நானும்தான் குடும்பம். அம்மா படுக்கையில் கிடந்த கடைசி வருஷம் தினமும் குளிப்பாட்டி, தலை பின்னி விட்டது அவள்தான். அம்மாவுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன், கேட்டதில்லை.

வீடு உங்கள் பேரில் இருக்கிறது. ஹால் வேண்டும் என்றால் அலமாரிகளைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்ப்போம். இந்த ஊரில் எங்களுக்கு யார் இடம் கொடுப்பார்கள் என்று தெரியவில்லை. எப்சிபாவை மட்டும் விட மாட்டேன். உங்கள் முடிவு எதுவானாலும் நேராக எழுதிவிடுங்கள், சும்மா இருக்காதீர்கள்.

உங்கள் தங்கை,
உமாராணி


தென்காசி,
25 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. தபால்காரர் என்னைப் பார்த்ததும் சைக்கிளில் இருந்தபடியே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். நீங்கள் சுகமாக இருந்தால் அது போதும். நாங்கள் சுகம்.

நீங்கள் பேசாவிட்டால் நானும் பேசாமல் இருப்பேன் என்று நினைத்தால், சின்ன வயதிலிருந்து என்னைப் பார்த்து வளர்ந்தும் ஒன்றும் தெரியவில்லை என்று அர்த்தம். அதனால் ஒரு சந்தோஷமான விஷயம் எழுதுகிறேன்.

போன ஞாயிறு கூட்டத்தைக் குற்றாலத்தில் வைத்துக்கொண்டோம். சீசன் முடிகிற நேரம், கூட்டம் குறைவு. எங்களில் ஜெனோ என்று ஒருவன், இருபத்தாறு வயது, மொபைல் கடையில் வேலை. பெண் என்று சொல்லி வளர்த்தார்கள், அவன் ஆண். திருநம்பி. மெயின் அருவியில்தான் தெரியுமே, ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். பெண்கள் பக்கம் போக அவனுக்கு மனமில்லை, ஆண்கள் பக்கம் போகத் தைரியமில்லை. பிறந்ததிலிருந்து பக்கத்தில் இருந்தும் பத்து வருஷமாக அருவியில் குளித்ததில்லையாம். "நான் பையப் பாத்துக்கிடுதேன், நீங்க போங்க" என்று கரையில் நின்றான். நாங்களும் போகாமல் நின்றோம். அப்போது அங்கே நின்ற போலீஸ்காரர் விசிலை ஊதி, ஜெனோவைப் பார்த்துச் சொன்னார்: "ஏலே தம்பி, அங்கன நின்னு என்ன பராக்குப் பாக்க? ஆம்பளையாள் வரிசை இங்கன இருக்கு, ஏறு லே."

பையன் பனியனோடு அப்படியே ஓடிப் போய் நின்றுவிட்டான். தண்ணீர் அவன் முதுகில் அடிக்கிறது, அவன் அழுகிறானா சிரிக்கிறானா என்று எங்களுக்குத் தெரியவில்லை. எப்சிபாதான் சத்தமாக அழுதாள். வெளியூர்க்காரர்கள் பர்ஸ் தொலைந்துவிட்டதா என்று கேட்டார்கள்.

என்மேல் கோபம் இருக்கட்டும், அதற்காக உங்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பண்பொழிக்காரர்கள் இரண்டு தடவை கேட்டு விட்டார்கள்.

உமாராணி


முகாம்,
20 அக்டோபர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறேன். இரண்டு மாதம் மலை உச்சிப் போஸ்ட்டில் இருந்தேன், கடிதம் கிடைக்கவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய். உன் கடிதம் ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. எனக்குத்தான் எழுத வரவில்லை. உன்னைத் தவிக்க விட்டது என் தப்பு.

புத்தகத்தைப் படித்தேன். எழுதியவர் ரைஸ்மில்லுக்குள் கால் வைத்ததில்லை. அந்தச் சத்தத்தில் இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொள்ளவே முடியாது. மற்றதெல்லாம் சரியாக எழுதியிருக்கிறார்.

பயிற்சி மையம் வேண்டாம். டி.எஸ்.பி.யிடம் பேசவில்லை. ஹால் இருக்கிறபடியே இருக்கட்டும்.

ஜெனோ தலை துவட்டத் துண்டு கொண்டு போயிருந்தானா என்று நீ எழுதவில்லை. பழக்கமில்லாத ஆள் அருவியில் நின்றால் காய்ச்சல் வரும்.

அம்மாவைக் குளிப்பாட்டியது எப்சிபா என்று எனக்குத் தெரியாது. நான் பணம் அனுப்பினேன், கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன். அவளிடம் என் வணக்கத்தைச் சொல்.

பண்பொழிக்காரர்களிடம் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடு. இனி ஜாதகம் அனுப்பாதே.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு வயது வரம்பு உண்டா? நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் வரலாமா?

அண்ணன்,
முத்துச்செல்வம்


தென்காசி,
8 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடை வாசலிலேயே நின்று படித்தேன். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், அதன் பிறகு போய் எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்தேன். எங்கள் சுகத்துக்கு இனி என்ன குறை?

ஜெனோவுக்குத் துண்டு இருந்தது. காய்ச்சலும் வந்தது. சந்தோஷமாகப் படுத்திருந்தான்.

வயது வரம்பெல்லாம் கிடையாது. யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க ஆசைப்படுகிறீர்கள் போல. தாராளமாக வாருங்கள், ஆனால் ராணுவ விசாரணை மாதிரி யாரையும் கேள்வி கேட்கக் கூடாது. எங்களில் மூத்தவர் தங்கபுஷ்பம் டீச்சர், வயது அறுபத்தொன்று. தன் கதையை இன்னும் யாரிடமும் சொன்னதில்லை. வந்து உட்கார்ந்து லேபிளில் உள்ள எழுத்துப்பிழைகளைத் திருத்துவார். நாங்களும் கேட்பதில்லை. இங்கே நான் எழுதுகிற பெயர் எதுவும் உண்மைப் பெயர் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது அவர்களோடு எங்கள் ஒப்பந்தம்.

பண்பொழிக்கு ஏன் வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். மனதில் வேறு பெண் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சாதி மதம் எதுவும் பார்க்க மாட்டேன்.

9 நவம்பர்

இந்தக் கடிதத்தை நேற்று ஒட்டாமல் வைத்தது நல்லதாயிற்று. இன்று எப்சிபா டூட்டி முடிந்து வந்து உங்கள் கடிதத்தைப் படித்தாள். நான் எழுதியதையும் படித்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "ஏட்டி, நீ புத்தகக் கடை நடத்துதியா, ஜாதக ஆபீஸ் நடத்துதியா? ஒங்க அண்ணன் வயசு கேக்கது அடுத்தவனுக்காவ இல்லட்டி. அவருக்காவ."

மேலே எழுதியதை அடிக்காமல் அப்படியே அனுப்புகிறேன். என் லட்சணம் உங்களுக்குத் தெரியட்டும். அண்ணே, பதினாலு ஜாதகம் அனுப்பியவள் நான். ஊரில் உள்ள பிள்ளைகள் வாய் திறக்க இடம் போட்டுக் கொடுத்துவிட்டு, சொந்த அண்ணனை வாய் திறக்க விடாமல் செய்திருக்கிறேன். எப்சிபா நினைப்பது தவறாக இருந்தால் இதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். சரியாக இருந்தாலும் பதில் சொல்லக் கட்டாயம் இல்லை. என்னை மன்னித்துவிடுங்கள்.

உமாராணி


முகாம்,
6 டிசம்பர் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். இதை லீவில் போகிற ஒருவரிடம் கொடுத்து டெல்லியில் போடச் சொல்கிறேன்.

எப்சிபா நினைப்பது சரி. இந்த ஒரு வரியை எழுத எனக்கு நாற்பத்து மூன்று வயது வரை ஆகியிருக்கிறது. எழுதி முடித்துவிட்டு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

கீழப்பாவூர் நல்லதம்பி என்று ஒருவன். என் கம்பெனியில் ஏழு வருஷம் ஒன்றாக இருந்தோம். பதினைந்து வருஷ சர்வீஸ் முடிந்ததும் அவன் பென்ஷன் வாங்கிக்கொண்டு கிளம்பினான். எனக்கும் அப்போது பதினைந்து வருஷம் ஆகியிருந்தது, நினைத்திருந்தால் கிளம்பியிருக்கலாம். நீயும் வந்துவிடு, பக்கத்துப் பக்கத்தில் வீடு கட்டி இருப்போம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று சொன்னான். அந்த வாரம்தான் உன் முதல் ஜாதகம் வந்தது. வீட்டில் பெண் பார்க்கிறார்கள் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அவன் சரி என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரு கடிதம் கிடையாது.

அதனால் நீ மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. பயந்தது நான். உன் ஜாதகம் எனக்கு ஒரு சாக்கு. அது வராவிட்டால் வேறு ஒன்றைச் சொல்லியிருப்பேன்.

ஒவ்வொரு லீவிலும் திருநெல்வேலியில் வேலை இருக்கிறது என்று உன்னிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறுவேன். வழியில் பாவூர்சத்திரத்தில் இறங்கி டீ குடிப்பேன். அங்கிருந்து கீழப்பாவூர் நடக்கிற தூரம். ஆனால் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்கே திரும்பி வந்துவிடுவேன்.

நீ ஒருமுறை போய் அவனிடம் பேசிப் பார்க்கிறாயா?

அண்ணன்


தென்காசி,
22 டிசம்பர் 2024

என் அன்பு அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். எப்சிபா கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் சுடுகிறாள், வீடு முழுக்க எண்ணெய் வாசனை. உங்களுக்கு அனுப்பினால் பாறையாகத்தான் வந்து சேரும், வந்து சாப்பிடுங்கள்.

கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். திருநெல்வேலியில் என்ன வேலை என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லையே.

ஆனால் நான் போய்ப் பேச மாட்டேன். தங்கையைத் தூது விட்டால், பெண் பார்க்கிறார்கள் என்று சொன்ன அதே அண்ணன்தான் இன்னும் என்று அவர் நினைப்பார். நீங்களே எழுதுங்கள். பதில் வராமல் போகலாம், ஒன்பது வருஷம் சின்ன காலம் இல்லை. அவர் இப்போது எப்படி இருக்கிறார், யாரோடு இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. எதுவானாலும் நீங்கள் வந்து சேர உங்களுக்கு ஒரு வீடு இருக்கிறது. கீழ் அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை நாற்காலியில் ஒன்றைக் கூட்டியாயிற்று.

அன்புடன்,
உமா


டெப்போ,
19 ஜனவரி 2025

அன்புத் தங்கச்சி உமாவுக்கு,

மலையை விட்டு இறங்கி எங்கள் படையின் டெப்போவுக்குச் சுகமாக வந்து சேர்ந்தேன். இங்கே போன் எடுக்கிறது. ஆனால் இதையெல்லாம் போனில் பேச எனக்கு வராது, அதனால் எழுதுகிறேன். எப்சிபாவுக்கும் கடைக்கு வருகிற பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

நீ போக மாட்டேன் என்று எழுதியது முதலில் கோபமாக இருந்தது. இரண்டு நாளில் சரி என்று பட்டது. நல்லதம்பிக்கு ஒரு பக்கம்தான் எழுதினேன். நான் பயந்துவிட்டேன், அன்றைக்குச் சொன்னது பொய், எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, பிப்ரவரியில் ஊருக்கு வந்துவிடுகிறேன், உன்னைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நேற்று ஒரு கார்டு வந்தது. நலமா என்றுகூட இல்லை. எழுதியிருப்பது இவ்வளவுதான்: "வீடு அதேதான். தெருவுல வழி கேக்க வேண்டாம். நாய் ஒண்ணு இருக்கு, கொரைக்கும், கடிக்காது."

காலையிலிருந்து அந்தக் கார்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். என்னை விடைகொடுத்து அனுப்ப இங்கே பிள்ளைகள் விருந்து வைக்கிறார்கள், ஒருவன் மாலைகூட வாங்கி வந்திருக்கிறான். எனக்கு எதிலும் மனது நிற்கவில்லை. சந்தோஷமாக இருக்கிறேன் உமா. பயமாகவும் இருக்கிறது, ஆனால் சந்தோஷமாக இருக்கிறேன்.

பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை காலை பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசியில் இறங்குவேன். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம். பெட்டியை ஜெனோவிடம் கொடுத்து அனுப்புகிறேன், அவனை மட்டும் வரச் சொல். நான் அப்படியே பஸ் ஏறிக் கீழப்பாவூர் போய்விட்டு மத்தியானம் வீட்டுக்கு வருகிறேன்.

என்னோடு வருவதாக நல்லதம்பி எழுதவில்லை. நானும் இன்னும் கேட்கவில்லை. நீ எதற்கும் நாலு பேருக்கு அரிசி போடு.

உன் அண்ணன்,
முத்துச்செல்வம்